அளவு மீறியதைச் சொல்ல எந்தச் சொல்? ‘மட்டற்ற’ முதல் ‘மிதமிஞ்சிய’ வரை முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியில் மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்கிறேன். வக்கீல் அலுவலகத்து மனு, ஆஸ்பத்திரித் துண்டறிக்கை, பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வாங்கும் வீடுகளுக்கு வரும் கடிதம், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாம் மேசைக்கு வரும். வேலை பழக வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். ஒருவர் அளவோடு நிற்கவில்லை என்று சொல்ல வேண்டிய வரி அது.

ஆங்கிலத்தில் ‘இன்டெம்பரன்ஸ்’ என்ற ஒரே சொல் குடி, தீனி, கோபம், பேச்சு எல்லாவற்றுக்கும் போய்வருகிறது. பிரெஞ்சிலும் ஏறக்குறைய அதே சொல்தான். இரண்டும் லத்தீனிலிருந்து வந்தவை. தமிழில் அந்த இடத்துக்கு ஒரு வரிசையே நிற்கிறது: அளவுக்கு மீறிய, மிதமிஞ்சிய, மட்டற்ற, வரம்பு மீறிய, எல்லை தாண்டிய, கட்டுக்கடங்காத, அத்துமீறிய. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் திட்டு வாழ்த்தாக மாறிவிடும் ஆபத்தும் உண்டு.

கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். நடுவிலிருந்து தொடங்கினால் பாதி தூரம் போய்த் திரும்ப வேண்டியிருக்கும்.

1. உட்காரும் முன் கையில் வைத்திருக்க வேண்டியவை

சொல்லை மட்டும் கொண்டுவராதீர்கள், முழு வாக்கியத்தையும் கொண்டுவாருங்கள். ‘மிதமிஞ்சிய’ சரியா தவறா என்று தனியாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எதற்கு முன்னால் அது நிற்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இரண்டாவது, எடுத்துக்காட்டு வாக்கியம் தரும் தற்காலத் தமிழ் அகராதி ஒன்று. பொருளை மட்டும் அடுக்கும் ஆங்கிலம்-தமிழ் அகராதி இந்த வேலைக்குப் போதாது. அது ‘மிதமின்மை’, ‘மட்டின்மை’ என்று கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். அதை அப்படியே எடுத்து வரியில் செருகுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் காரியம்.

மூன்றாவது, எழுதுவது யார், படிப்பது யார் என்ற குறிப்பு. நீதிபதி படிக்கும் தாளும் நோயாளியின் மனைவி படிக்கும் தாளும் ஒரே சொல்லைத் தாங்காது. இதை முன்னாலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். பாதி வேலை முடிந்தபின் கேட்டால் வாடிக்கையாளருக்கும் எரிச்சல், உங்களுக்கும் எரிச்சல்.

2. முதலில் சொல்லின் வாலைப் பாருங்கள்

இந்தச் சொற்களுக்கெல்லாம் ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. அளவு, மட்டு, மிதம், வரம்பு, எல்லை, கட்டு, அத்து ஆகியவை தலை. அற்ற, இல்லாத, மீறிய, மிஞ்சிய, கடந்த, தாண்டிய, அடங்காத ஆகியவை வால். எல்லோரும் தலையைத் தேர்ந்தெடுப்பதில்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஆனால் குற்றம் சாட்டுவதும் சாட்டாமல் விடுவதும் வால்தான். தலை தவறினால் வரி கொஞ்சம் இடிக்கும், அவ்வளவுதான். வால் தவறினால் பொருளே கவிழும். அதனால் இது முதல் படி.

‘அற்ற’, ‘இல்லாத’ என்று முடிந்தால் அங்கே கோடே கிடையாது. கோடு இல்லாத இடத்தில் தாண்டியவரும் கிடையாது. பெரிது, நிறைய என்பது மட்டுமே செய்தி. ‘மீறிய’ என்று முடிந்தால் கோடு ஒன்று இருக்கிறது, அதைத் தெரிந்தே தாண்டினவர் ஒருவர் இருக்கிறார்.

கடலூர் மாவட்டத்து வடலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமச்சாலையில் இன்றும் பசித்து வந்தவர்களுக்குச் சோறு போடுகிறார்கள். ‘அங்கே அளவில்லாமல் அன்னம் இடுகிறார்கள்’ என்று எழுதினால் அது பாராட்டு. ‘அளவு மீறி அன்னம் இடுகிறார்கள்’ என்று எழுதிப் பாருங்கள்: யாரோ கணக்குத் தணிக்கைக்கு வந்து குறை எழுதிவிட்டுப் போனது போல இருக்கும். அன்னமும் அதே, அண்டாவும் அதே. வால் மட்டும்தான் மாறியிருக்கிறது.

சைவத்தில் இறைவனுக்குச் சொல்லும் எண்குணங்களில் ஒன்று ‘வரம்பில் இன்பம் உடைமை’. பரிமேலழகர் திருக்குறள் உரையில் அந்த எட்டையும் பட்டியல் போட்டிருக்கிறார். அதே வரம்பையும் இன்பத்தையும் வைத்து ‘வரம்பு மீறிய இன்பம்’ என்று எழுதினால் போலீஸ் வழக்கின் வாடை அடிக்கும்.

கல்யாணப் பத்திரிகையில் ‘மட்டற்ற மகிழ்ச்சி அடைகிறோம்’ என்று போடுகிறோம். வேலைக்குப் புதிதாக வந்த ஒரு பையன் ஒரு மனுவில் ‘மட்டற்ற குடிப்பழக்கம்’ என்று எழுதிக் கொடுத்தான். வாங்கிப் பார்த்த வக்கீல் குமாஸ்தா சிரித்துவிட்டு, “என்னா தம்பி, பெட்டிஷனா, வாழ்த்து மடலா?” என்று கேட்டார். பையனின் இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. வால்தான் சதி செய்துவிட்டது.

கட்டு என்ற தலைக்கும் இதே கதைதான். ‘கட்டற்ற’ என்றால் சுதந்திரம்: கட்டற்ற மென்பொருள், கட்டற்ற கலைக்களஞ்சியம். ‘கட்டுக்கடங்காத’ என்றால் கைமீறிப் போனது: கட்டுக்கடங்காத கூட்டம், கட்டுக்கடங்காத காளை, கட்டுக்கடங்காத கோபம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தலை என்பது மனிதர் போட்ட ஒழுங்காக இருந்தால் ‘அற்ற’வும் குற்றம் சாட்டும். வரைமுறையற்ற, கட்டுப்பாடற்ற, ஒழுங்கற்ற, பொறுப்பற்ற எல்லாம் வசைதான். இருக்க வேண்டியது இல்லை என்கின்றன அவை. அளவு, மட்டு, எல்லை போன்றவை வெறும் அளவைகள். அவை இல்லை என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. ‘வரம்பற்ற’ மட்டும் இரண்டு பக்கமும் சாயும். வரம்பற்ற தொலைபேசி அழைப்பு சலுகை, வரம்பற்ற அதிகாரம் அச்சம்.

மற்ற வால்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘கடந்த’ பக்கத்துப் பெயர்ச்சொல்லின் நிறத்தை வாங்கிக்கொள்ளும்: அளவுகடந்த அன்பு, அளவுகடந்த திமிர். ‘மிஞ்சிய’ பெரும்பாலும் குறைதான் சொல்லும். ஆனால் ‘மிஞ்சு’ என்ற வினை தனியாக வந்தால் நம்ப முடியாது. ‘சமையலில் அவரை மிஞ்ச ஆளில்லை’ பாராட்டு. ‘மிஞ்சிப்போனால் நூறு ரூபாய் ஆகும்’ என்பதில் மீறலே கிடையாது, அதிகபட்சம் என்றுதான் பொருள்.

‘தாண்டிய’ நடந்ததை மட்டும் சொல்லும், மனத்தைச் சொல்லாது. காரைக்கால் மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்த செய்தி வரும்போதெல்லாம் நம் பத்திரிகைகள் ‘எல்லை தாண்டி மீன்பிடித்ததாகக் கூறி’ என்று எழுதுகின்றன. ‘எல்லை மீறி’ என்று எழுதியிருந்தால் வேண்டுமென்றே செய்தார்கள் என்று அந்தப் பத்திரிகையே தீர்ப்பு சொன்னது போல ஆகியிருக்கும். அதுவே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் இருக்கும் 61 நாள் தடைக்காலத்தில் ஒருவர் விசைப்படகை எடுத்துக்கொண்டு போனால் ‘தடையை மீறி’ என்றுதான் எழுத வேண்டும். அங்கே விதி தெரிந்திருக்கிறது, தெரிந்தே போயிருக்கிறார்.

3. மீறப்பட்டது எது என்று கேளுங்கள்

வால் உறுதியான பிறகு தலைக்கு வாருங்கள். கேள்வி ஒன்றுதான்: எதைத் தாண்டினார்?

எடை, எண்ணிக்கை, கொள்ளளவு என்றால் அளவு. சோறு, சாராயம், மாத்திரை, உரம், செலவு எல்லாம் இதில் அடங்கும். நடத்தை, பேச்சு, உறவில் காட்ட வேண்டிய மரியாதை என்றால் வரம்பு. வயலுக்கு வரப்பு இருப்பது போல இதற்கும் ஒரு கரை உண்டு. வரப்பும் வரம்பும் உறவுச் சொற்கள்தான். இடமும் பொறுமையும் எல்லைக்குப் போகும்: ‘பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டு’. அடக்கி வைத்திருந்த விசை திமிறினால் கட்டு. பிறர் வீட்டுக்குள், பிறர் உரிமைக்குள் நுழைந்தால் அத்து.

‘அத்துமீறி’யைப் புதியவர்கள் பேச்சுக்கும் குடிக்கும்கூடப் போடுகிறார்கள். வேண்டாம். அத்துமீறல் என்றால் இன்னொருவருடைய எல்லைக்குள் கால் வைப்பது. தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தனியாக மூன்று பாட்டில் குடித்தவர் அளவு மீறினார், அத்து மீறவில்லை. குடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போனால்தான் அத்துமீறல்.

மட்டும் மிதமும் பொதுத் தலைகள். ‘மிதம்’ வடமொழி வழி வந்தது. எழுத்தில் அதிகம், பேச்சில் குறைவு. ‘மட்டு’ இரண்டிலும் உண்டு: ‘ஒரு மட்டோட நிறுத்து’ என்று கடலூர் ஓ.டி. (பழைய நகரம்) பக்கம் இன்றும் சாதாரணமாகச் சொல்வார்கள். பழைய தமிழில் மட்டு என்றால் கள் என்றும் பொருள் உண்டு. மட்டு அருந்துகிறவரிடம் மட்டு மீறாதே என்று சொல்லும் சங்கடம் நமக்கு மட்டும்தான் இருக்கும் போல.

‘மட்டமான’ என்பதை இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடாதீர்கள். அது தரம் தாழ்ந்தது. ‘மட்டமாகக் குடித்தான்’ என்று ஒருவர் எழுதியதைத் திருத்தியிருக்கிறேன்.

4. எண் கையில் இருந்தால் எண்ணையே எழுதுங்கள்

இந்தப் படியைத் தவறவிட்டால் மொழிநடை கெடுவதோடு நிற்காது, தகவலும் தொலையும். அளவு என்பது சட்டத்திலோ அறிவியலிலோ வரையறுக்கப்பட்டிருந்தால் ‘மிதமிஞ்சிய’ போன்ற சொல்லுக்கு அங்கே வேலையில்லை.

புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டி, கடலூர்ப் பக்கத்து ஆல்பேட்டை சோதனைச் சாவடிக்குள் நுழையும் வண்டியில் புதுச்சேரி மதுபாட்டில்கள் இருந்தால், செய்தியில் ‘மிதமிஞ்சிய மது கடத்தல்’ என்று எழுதக் கூடாது. எத்தனை பாட்டில் என்று எழுதுங்கள். தேவைப்பட்டால் ‘அனுமதிக்கப்பட்ட அளவைவிடக் கூடுதலாக’ என்று சேருங்கள். மணல் லாரிக்கும் இதே வாய்பாடுதான். கூடுதல் என்பது ஒப்பிட்டுச் சொல்வது, மிதமிஞ்சிய என்பது மனிதரை எடைபோடுவது. சட்டம் எடை போட்டாயிற்று. நீங்கள் மறுபடி போட வேண்டியதில்லை.

மழைக்கு வாருங்கள். புயல் அடிக்கடி கரையேறும் இந்தப் பக்கத்தில் இது வருடா வருடம் வரும் வேலை. வானிலைத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 6.45 முதல் 11.55 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 11.56 முதல் 20.44 வரை மிக கனமழை, அதற்கும் மேல் அதி கனமழை. இவை கலைச்சொற்கள். ‘அதி கனமழை’யை அழகுக்காக ‘அளவுக்கு மீறிய மழை’ என்று மாற்றினால் படிப்பவருக்குச் சிவப்பு எச்சரிக்கையா இல்லையா என்றே தெரியாது. கட்டுரையில் ‘பேய்மழை’ என்று எழுதுங்கள், ‘கொட்டித் தீர்த்தது’ என்று எழுதுங்கள், தவறில்லை. அறிவிப்பில் கூடாது.

சாலை விபத்துத் தாள்களில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி’ என்ற தொடர் எப்போதும் வரும். சட்டத்தின் சொல்லாட்சிக்குப் போலீஸ் தமிழ் வைத்திருக்கும் நிலைத்த வடிவம் அது. அதைக் ‘கண்மண் தெரியாத வேகம்’ என்று மெருகேற்றிவிட்டு வக்கீலிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள்.

5. ஒருமுறை நடந்ததா, பழக்கமா?

‘இன்டெம்பரன்ஸ்’ என்பதில் பழக்கத்தின் வாடை உண்டு. தமிழில் அளவு மீறியதாகச் சொன்னால் அது ஒருநாள் கூத்தாகவும் இருக்கலாம், முப்பது வருடப் பழக்கமாகவும் இருக்கலாம். அதனால் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

ஒருமுறை என்றால் நிகழ்ச்சியைச் சொல்லுங்கள்: ‘அன்று அளவுக்கு மீறிக் குடித்திருந்தார்’. பழக்கம் என்றால் பழக்கம் என்று எழுதுங்கள்: ‘அளவுக்கு மீறிக் குடிக்கும் பழக்கம் உடையவர்’. இரண்டையும் ‘மிதமிஞ்சிய குடி’ என்று ஒரே மூட்டையில் கட்டினால், ஒருநாள் தவறியவர் ஆயுள் முழுக்கக் குடிகாரராகிவிடுவார். கோர்ட் தாளில் இது சின்ன விஷயமில்லை.

மனிதரைக் குறிக்கும் சொல்லிலும் படிகள் உண்டு. தெருவில் ‘மொடாக்குடியன்’. மொடா என்றால் பெரிய பானை. இதைவிடப் படம் போட்டுக் காட்டும் சொல் கிடையாது. செய்தியில் ‘மதுவுக்கு அடிமையானவர்’. சிகிச்சை மையத்தில் ‘குடிநோயாளி’. இந்த மூன்றாவது சொல்லில் பழி இல்லை, நோய் இருக்கிறது. துண்டறிக்கை எழுதும்போது இதுதான் வேண்டும். குற்றம் சாட்டும் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு யாரும் மருத்துவரைப் பார்க்கப் போக மாட்டார்கள்.

இன்னொரு குழி: அளவோடு இருத்தலும் அறவே விடுதலும் வேறு வேறு. திருக்குறளில் ‘கள்ளுண்ணாமை’ 93-ஆம் அதிகாரம். அங்கே கொஞ்சமாகக் குடி என்ற பேச்சே இல்லை. அளவைப் பற்றிய பேச்சு வருவது 95-ஆவதான ‘மருந்து’ அதிகாரத்தில். அது சாப்பாட்டைப் பற்றியது. ‘அற்றால் அளவறிந்து உண்க’ என்று தொடங்கும் குறள் அங்கேதான் இருக்கிறது. ‘டெம்பரன்ஸ்’ என்று ஆங்கிலத்தில் வந்தால் அது எந்த அர்த்தத்தில் என்று பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அந்தப் பெயரில் நடந்த இயக்கம் அளவோடு குடி என்பதில் தொடங்கிக் குடிக்கவே கூடாது என்பதில் போய் நின்றது. அந்த இடத்தில் ‘மிதம்’ என்று மொழிபெயர்த்தால் தவறு. ‘மதுவிலக்கு’ அல்லது ‘குடியொழிப்பு’ என்பதே பொருந்தும்.

புதுச்சேரியில் பிரெஞ்சுத் தாள்கள் வருவதால் இந்த வேறுபாடு அடிக்கடி கண்ணில் படும். பிரான்சில் 1991-இல் வந்த ஏவின் சட்டப்படி மது விளம்பரங்களில், மதுவை அளவு மீறிக் குடிப்பது உடல்நலத்துக்கு ஆபத்து என்று போட வேண்டும். அளவோடு அருந்துங்கள் என்ற வரியும் வழக்கமாகக் கூடவே வரும். நம் ஊர் பாட்டிலில், மது அருந்துவதே உடல்நலத்துக்குக் கேடு என்று இருக்கும். பிரெஞ்சு வரியை மொழிபெயர்க்கும்போது கை பழக்கத்தில் ‘மது உடல்நலத்துக்குக் கேடு’ என்று எழுதிவிடுகிறார்கள். மூலத்தில் மீறல்தான் ஆபத்து. மொழிபெயர்ப்பில் மதுவே ஆபத்தாகிவிட்டது. எது சரியான அறிவுரை என்பது வேறு விவாதம். மொழிபெயர்ப்பாளர் வேலை மூலத்தில் இருப்பதைத் தருவது.

6. அந்தத் துறைக்கென்று சொல் இருக்கிறதா பாருங்கள்

பொதுச் சொல்லை எழுதும் முன் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள்: இதை நம் வீட்டில் எப்படிச் சொல்வோம்? பெரும்பாலும் தயாராக ஒரு தொடர் இருக்கும், அது ‘மிதமிஞ்சிய’வைவிடக் கூர்மையாகவும் இருக்கும்.

சாப்பாட்டுக்கு மூக்குமுட்ட, வயிறு புடைக்க, அளவு தெரியாமல். மூன்றும் ஒன்றல்ல. ‘வயிறு புடைக்க’ திருப்தியாகவும் இருக்கலாம். ‘மூக்குமுட்ட’ கொஞ்சம் கேலி. ‘பண்ருட்டிப் பலாவை அளவு தெரியாமல் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டான்’ என்பதில் தவறு அறியாமையில் இருக்கிறது, கெட்ட எண்ணத்தில் இல்லை. சின்னப் பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது இந்த மென்மை தேவைப்படும். பழைய தமிழில் பெருந்தீனிக்காரருக்குக் ‘கழிபேர் இரையான்’ என்றே ஒரு சொல் குறளில் இருக்கிறது. கழி என்பது மிகுதியைக் காட்டும் உரிச்சொல். சால, உறு, தவ, நனி, கூர் என்பவற்றோடு நன்னூல் அதைச் சேர்க்கிறது. இன்றைய வரியில் அதைப் போட முடியாது, கேலிக் கட்டுரை என்றால் முயன்று பார்க்கலாம்.

பேச்சுக்கு வார்த்தை தடித்தது, வாய் நீண்டது, நாவடக்கம் இல்லை. நீதிமன்றங்கள் ‘இன்டெம்பரேட் லாங்குவேஜ்’ என்று கண்டிக்கும் இடத்தில் ‘வரம்பு மீறிய சொற்கள்’ பொருந்தும், ‘தடித்த வார்த்தைகள்’ இன்னும் இயல்பாகப் பொருந்தும். ‘ஆபாச வார்த்தைகள்’ என்று எழுதிவிடாதீர்கள். கடுமையாகப் பேசியவர் ஆபாசமாகப் பேசினார் என்று ஆகிவிடும்; அது தனிக் குற்றம்.

பணத்துக்குத் தாம்தூம் என்று செலவு, சக்திக்கு மீறிய கடன், ஊதாரித்தனம். ‘சக்திக்கு மீறிய’வில் பரிவு இருக்கிறது. மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கிய அப்பாவை ஊதாரி என்று எழுதினால் ஊர் அடிக்க வரும். பொதுப் பணியில் இருப்பவர் என்றால் ‘வருமானத்துக்கு அதிகமாகச் சொத்து சேர்த்த வழக்கு’ என்ற தொடர் உறுதிப்பட்டுவிட்டது. அதை மாற்ற வேண்டாம்.

இயற்கை வளத்துக்கு வரைமுறையின்றி. மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலை விவகாரத்தில் தேவனாம்பட்டினம் முதல் புதுச்சேரிக் கடற்கரைக் கிராமங்கள் வரை இரண்டு தரப்பும் காரசாரமாகப் பேசும். எதிர்க்கும் தரப்பு ‘குஞ்சு குருமான் விடாம வாரிட்டுப் போறாங்க’ என்று சொல்லும். அதை ‘மிதமிஞ்சிய மீன்பிடிப்பு’ என்று எழுதினால் உயிர் போய்விடும். பேட்டி என்றால் சொன்னதை அப்படியே போடுங்கள், அறிக்கை என்றால் ‘வரைமுறையின்றி மீன்பிடித்தல்’ என்று எழுதுங்கள்.

7. பெயராக்காதீர்கள், வினையாகவே விடுங்கள்

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லாக இருக்கிறது என்பதற்காகத் தமிழிலும் பெயர்ச்சொல் தேடுவதுதான் வரியை மரக்கட்டையாக்குகிறது. ‘மிதமின்மையின் காரணமாக உடல்நலம் பாதிக்கப்பட்டது’ என்பதைப் படித்தால் யார் என்ன செய்தார் என்றே தெரியாது. ‘அளவு தெரியாமல் குடித்ததால் உடம்பு கெட்டது’ என்றால் எல்லாம் தெரிகிறது.

பெயர்ச்சொல் கட்டாயம் வேண்டும் என்றால், தலைப்பிலோ பாடப்புத்தகத்திலோ, ‘அளவு மீறல்’, ‘தன்னடக்கமின்மை’ இரண்டில் ஒன்றைப் போடுங்கள். முன்னது செயலுக்கு, பின்னது குணத்துக்கு. ‘அளவின்மை’யைத் தவிர்ப்பது நல்லது. இரண்டாம் படியில் பார்த்த காரணம்தான்: அது முடிவில்லாத பெருமை போல ஒலிக்கும்.

எழுத்துச் சேர்க்கையிலும் ஒரு கண் வையுங்கள். ‘மிதமிஞ்சிய’ ஒரே சொல்லாக, நடுவில் ‘ம்மி’ என்று இரட்டிக்காமல். ‘அளவுக்கு மீறிய’ பிரித்து. ‘மீறி’க்குப் பிறகு வல்லினம் வந்தால் ஒற்று மிகும்: மீறிக் குடித்தார், மீறிப் பேசினார். ‘மீறிய’வுக்குப் பிறகு மிகாது: மீறிய பேச்சு.

8. ஒரு வரியை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

குடும்பநல நீதிமன்றத்துக்குப் போகும் மனு. ஆங்கில வரைவில், எதிர்மனுதாரரின் பழக்கங்களும் பேச்சும் ‘இன்டெம்பரேட்’, அதனால் குடும்பம் கெட்டது என்று ஒரு வரி. புதியவர் எழுதிய முதல் பிரதி இப்படி வரும்:

“எதிர்மனுதாரரின் மிகவும் மிதமின்மையான பழக்கங்களாலும் மிதமின்மையான மொழியாலும் குடும்பம் பாதிப்புக்கு உள்ளானது.”

வாலைப் பாருங்கள். குற்றச்சாட்டு இது, ‘இன்மை’ போதாது, ‘மீறி’ வேண்டும். தலையைப் பாருங்கள். பழக்கத்துக்கு அளவு, பேச்சுக்கு வரம்பு. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு முறை வந்ததற்காகத் தமிழில் வர வேண்டியதில்லை. எண் இல்லை, எனவே நான்காம் படி தானாகவே நகர்கிறது. பழக்கம் என்று மூலமே சொல்கிறது.

அடுத்து, எந்தப் பழக்கம்? சட்ட ஆங்கிலத்தில் இந்த அடைமொழியோடு பழக்கம் என்று வந்தால் பெரும்பாலும் குடியைத்தான் குறிக்கும். ஆனாலும் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சூதாட்டமாக இருந்தால் தலையே மாறும். குடிதான் என்று அவர் சொன்னால், திருத்திய பிரதி:

“எதிர்மனுதாரர் அளவுக்கு மீறிக் குடிக்கும் பழக்கம் உடையவர். மனுதாரரிடம் வரம்பு மீறிப் பேசிவந்தார். இதனால் குடும்பம் நிலைகுலைந்தது.”

இந்த இடத்தில் கை துறுதுறுக்கும். ‘தினமும் குடித்துவிட்டு வந்து தகாத வார்த்தைகளால் திட்டி’ என்ற வாய்பாடு புகார் மனுக்களில் அவ்வளவு பழக்கம். அதை எழுதிவிடாதீர்கள். தினமும் என்று மூலத்தில் இல்லை. குடித்த நேரத்தில்தான் திட்டினார் என்றும் இல்லை. குறுக்கு விசாரணையில் அந்த ஒரு ‘தினமும்’ மனுதாரருக்கே வினையாகும்.

9. திரும்பத் திரும்ப வரும் பிழைகள்

‘மிகவும் மிதமிஞ்சிய’, ‘மிக அளவுக்கு அதிகமான’ போன்றவை மிகுதிமேல் மிகுதி. ஒன்றை வெட்டுங்கள். ஆத்திசூடியில் ‘மீதூண் விரும்பேல்’ என்று தீனிக்கும் ‘மிகைபடச் சொல்லேல்’ என்று பேச்சுக்கும் தனித்தனியாக இருக்கிறது, இரண்டாவது நமக்கு.

‘அதீத’ இப்போது எல்லா இடத்திலும் முளைக்கிறது: அதீத வெயில், அதீத கூட்டம், அதீத சுவை. ‘அதீத நம்பிக்கை’ போன்ற ஒன்றிரண்டில் அது நன்றாகவே உட்கார்கிறது. மற்ற இடங்களில் ‘கடும்’, ‘பெரும்’, ‘ரொம்ப’ இருக்கும்போது அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

‘மிகை’யையும் ‘மீறல்’ஐயும் குழப்புவது இன்னொன்று. மிகை உற்பத்தி என்றால் தேவைக்கு மேல் விளைந்தது, யாரும் குற்றவாளி இல்லை. அதைப் போய் ‘மிதமிஞ்சிய உற்பத்தி’ என்றால் விவசாயியைத் திட்டுவதாகிவிடும். ‘மிகைப்படுத்தல்’ பேச்சில் கூட்டிச் சொல்வது. அளவு மீறிச் செய்வது அல்ல.

‘மிதமான’ என்பதன் எதிர்ச்சொல்லை எல்லா இடத்திலும் ‘மிதமிஞ்சிய’ என்று நினைப்பதும் உண்டு. மிதமான மழைக்கு எதிர் கனமழை. மிதமான சூட்டுக்கு எதிர் கொதிக்கும் சூடு. புவியியலில் மிதவெப்ப மண்டலத்துக்குப் பக்கத்தில் இருப்பது வெப்ப மண்டலம், மிதமிஞ்சிய வெப்ப மண்டலம் அல்ல.

கடைசியாக, புதுச்சேரியில் சுற்றுலாத் துண்டறிக்கை எழுதுகிறவர்களுக்கு. 1907 சூரத் மாநாட்டில் காங்கிரஸ் இரண்டாகப் பிரிந்தபோது ஒரு பக்கம் மிதவாதிகள், மறுபக்கம் தீவிரவாதிகள் என்று நம் பழைய வரலாற்று நூல்கள் எழுதின. 1908-இல் இங்கே வந்த பாரதியும் 1910-இல் வந்த அரவிந்தரும் இரண்டாவது பக்கம். அந்தப் பழைய நூலைப் பார்த்து ‘தீவிரவாதியான அரவிந்தர்’ என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். இன்று அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. படிப்பவர் வெடிகுண்டைத்தான் நினைப்பார். ‘தீவிரப் போக்கினர்’ என்று மாற்றுங்கள், அல்லது ‘திலகர் அணியைச் சேர்ந்தவர்’ என்று எழுதிவிடுங்கள். மேற்கோளாக எடுத்தால் மட்டும் பழைய சொல்லை விட்டுவைத்து, அது எந்தக் காலத்துச் சொல் என்று அதே வரியில் சொல்லிவிடுங்கள்.